தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வருமா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழு நோட்டீஸ் ஒட்டியதும், வழக்கம்போல 'சிமெண்டின் வரலாறு' என்று எதையாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ரொம்ப நாளாக என் மனசுக்குள் ஒரு கணக்கு உருண்டுகொண்டே இருக்கிறது. எட்டாம் வகுப்புக் கணக்குதான். தூரம், வேகம், காலம். சூத்திரம் தெரியும், விடையும் தெரியும். ஆனாலும் அந்த விடை சரியில்லை! ஏன் சரியில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பரோட்டாவுக்கு ஒரு பந்தயம்

இரண்டாம் ஆண்டில் ஒருநாள் இரவு. மெஸ்ஸில் உப்புமா. யாருக்கும் சாப்பிட மனசில்லை. ஹாஸ்டல் மாடியில் உட்கார்ந்து அரட்டை அடித்துக்கொண்டிருந்தோம். தலைக்கு மேலே ஒரு விமானம் போனது. "இது எங்கடா போகுது?" என்று ஆரம்பித்த பேச்சு, கடைசியில் ஒரு பந்தயத்தில் வந்து நின்றது. சென்னையிலிருந்து வான்வழியே எது பக்கம், மதுரையா, யாழ்ப்பாணமா?

"இதெல்லாம் ஒரு கேள்வியா? யாழ்ப்பாணம் வெளிநாடுடா! மதுரைதான் பக்கம்" என்றான் மதுரைக்காரன். நானும் அவன் கட்சிதான். தோற்றவன் எல்லாருக்கும் பரோட்டா வாங்கித் தரவேண்டும் என்று முடிவானது.

எங்கள் அறையில் ஒருவன் உண்டு. அதிகம் பேசமாட்டான். சர்வே வகுப்பில் மட்டும் புலி. அவன் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் கணக்குப் போட ஆரம்பித்தான்.

சென்னை விமான நிலையம் வட அட்சம் 12 டிகிரி 59 நிமிடம். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் 9 டிகிரி 48 நிமிடம். இரண்டும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில், 80 டிகிரிக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆகவே நேர் தெற்கே கோடு கிழித்தால் போதும். வித்தியாசம் 3 டிகிரி 11 நிமிடம், அதாவது 191 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், 1.852 கி.மீ. பெருக்கினால் 354 கி.மீ.!

மதுரைக்கு அப்படி நேர்கோடு வராது. தெற்கே 189 நிமிடம் போவதோடு மேற்கேயும் 2 டிகிரிக்கு மேல் நகரவேண்டும். பிதாகரஸைக் கூப்பிட்டுக் கணக்குப் போட்டால் சுமார் 417 கி.மீ. வருகிறது.

மதுரைக்காரன் வாய் மூடவில்லை. எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. 'வெளிநாடு' என்ற ஒரு சொல், நம் மனசுக்குள் இருக்கும் வரைபடத்தில் ஓர் ஊரை எவ்வளவு தூரம் தள்ளி வைத்துவிடுகிறது பார்த்தீர்களா?

அவன் அதோடு நிறுத்தவில்லை. "இந்த ரூட்ல ஓடுறது ஏ.டி.ஆர். 72. மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகம். 354-ஐ 500-ஆல வகுத்தா 0.708 மணி. அதாவது நாற்பத்திரெண்டரை நிமிஷம்" என்று எழுதி, விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டான்.

நாற்பத்திரெண்டரை நிமிஷமா 75 நிமிஷமா?

செல்போனில் கால அட்டவணையைப் பார்த்த ஒருத்தன், "டேய், இதுல ஒன்றேகால் மணி நேரம்னு போட்டிருக்கு. உன் கணக்கு தப்பு" என்றான்.

கணக்கு தப்பில்லை நண்பர்களே! அட்டவணையில் போடும் நேரம், விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து மறுமுனையில் போய் நிற்கும் வரை ஆகும் நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகவேண்டும். முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும்வரை காத்திருக்கவேண்டும். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் 500 கி.மீ. வேகம் கிடைக்காது. காற்று பார்த்து, ஓடுபாதையின் திசை பார்த்துச் சுற்றி வரவேண்டியும் இருக்கும். இதற்கெல்லாம் அரை மணி போய்விடுகிறது. குறுகிய தூரத்தில் இந்த அரை மணிதான் பெரிதாகத் தெரியும். டெல்லிக்குப் போனாலும் இதே அரை மணிதான், அங்கே அது கண்ணில் படாது.

ஆக, 'தூரம் வகுத்தல் வேகம்' என்பது வானத்தில் மட்டும் செல்லும் சூத்திரம். தரையைத் தொட்டதும் அதோடு வேறு சில எண்களையும் கூட்டவேண்டும். இதுவரை நம் பாடப் புத்தகமே சொல்லிவிடும். ஆனால் இன்னும் ஒரு எண் இருக்கிறது. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பெரியவர்கள் போன வேகம்

நூலகத்தில் தேடிப் படித்தபோது தெரிந்த சில செய்திகள் என்னை அசர வைத்தன.

1914-ல் பாம்பன் பாலம் திறந்தார்கள். அந்த ஆண்டே மார்ச் மாதம் 'போட் மெயில்' ஓட ஆரம்பித்தது. சென்னையில் ரயிலேறி தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் சுமார் 35 கி.மீ. கடலைத் தாண்டி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போய்ச் சேரலாம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. அதன் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1980-களில் போர் வந்ததும் அதுவும் நின்றுபோனது.

விமானம்? 1947 டிசம்பர் 10-ம் தேதி ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம், கொழும்பு ரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்தது. காங்கேசன்துறை என்று அன்று சொன்னது இந்தப் பலாலியைத்தான். அது டகோட்டா விமானம். மணிக்கு 270, 300 கி.மீ. போகும். நம் 354-ஐ அந்த வேகத்தால் வகுத்துப் பாருங்கள். வானில் பறக்கும் நேரம் ஒன்றேகால் மணி! இன்றைய அட்டவணையில் இருப்பதும் ஒன்றேகால் மணி. எழுபத்தைந்து வருஷத்தில் எஞ்சின் மாறியது, இறக்கை மாறியது, ரேடார் வந்தது. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில் பயணிக்கு மிச்சமான நேரம் பெரிதாக ஒன்றுமில்லை.

அதைவிடப் பெரிய வேடிக்கை, நடுவில் அந்த ஒன்றேகால் மணியும் இல்லாமல் போனதுதான். 1970-களின் இறுதியில் ஏர் சிலோன் மூடப்பட்டது. 1983-க்குப் பிறகு போர். பலாலி ராணுவத் தளமானது. 2009 மே மாதம் போர் முடிந்தும் சென்னைக்கு விமானம் வர மேலும் பத்தாண்டு ஆயிற்று. 2019 அக்டோபரில் பலாலி, சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னை விமானம் ஓட ஆரம்பித்தது. நாலே மாதத்தில் கொரோனா வந்து நிறுத்தியது. 2022 டிசம்பர் 12-ல் மறுபடி தொடங்கியது. 2024 செப்டம்பரில் இன்னொரு நிறுவனமும் சேர்ந்தது. 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்தும் விமானம் விட்டார்கள். அது நேர்க்கோட்டில் 185 கி.மீ.கூட இல்லை! நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபர் 14-ல் கிளம்பி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் கிளம்பியது.

விமானம் இல்லாத அந்த வருஷங்களில் யாழ்ப்பாணத்துக்காரர் சென்னைக்கு எப்படி வந்தார்? வடக்கே இருக்கும் சென்னைக்கு வர, முதலில் தெற்கே 400 கி.மீ. ராத்திரி முழுக்க பஸ்ஸில் கொழும்புக்குப் போகவேண்டும். அங்கிருந்து கட்டுநாயக்கா போய் விமானம் பிடித்து 640 கி.மீ. வடக்கே பறக்கவேண்டும். 354 கி.மீ. தூரத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் கி.மீ.! தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதுதான் இது.

இது இங்கே மட்டுமல்ல. டெல்லியையும் லாகூரையும் எடுத்துக்கொள்ளுங்கள். வான்வழியில் சுமார் 420 கி.மீ. 2025 ஏப்ரலில் இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று தம் வான்வெளியையே மூடிக்கொண்டன. அதற்கு முன்பே நேரடி விமானம் நின்றுபோயிருந்தது. டெல்லிக்காரர் விமானத்தில் லாகூர் போகவேண்டுமானால் துபாய் வழியாக, நாலாயிரம் கி.மீ.க்கு மேல் சுற்றவேண்டும். ஆப்பிரிக்காவில் கின்ஷாசா, பிராசவில் என்று இரண்டு தலைநகரங்கள். ஒரே காங்கோ ஆற்றின் எதிரெதிர்க் கரைகள். அக்கரை விளக்கு இக்கரைக்குத் தெரியும். ஆனால் நடுவில் ஒரு பாலம் கிடையாது!

அண்டை நாட்டு ஊர்களுக்கு நடுவில் நேரத்தைத் தீர்மானிப்பது எஞ்சின் அல்ல என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நாலாவது தடை

சங்கிலி அளவையில் தடைகள் மூன்று வகை என்று சர்வே சார் சொல்லிக் கொடுத்தது நினைவிருக்கிறதா? ஒன்று, கண்ணுக்குத் தெரியும், சங்கிலி போடமுடியாது; குளம், ஆறு மாதிரி. இரண்டு, சங்கிலி போடலாம், கண்ணுக்குத் தெரியாது, மேடு மாதிரி. மூன்று, இரண்டும் முடியாது, கட்டடம் மாதிரி. மூன்றுக்கும் வழி உண்டு. செங்குத்துக் கோடு எடு, முக்கோணம் போடு, சுற்றிப் போ.

நாலாவது தடை ஒன்று உண்டு. அதை எனக்குச் சொல்லித் தந்தவன் அந்தப் பரோட்டாக் கணக்கைப் போட்ட என் அறைத் தோழன்.

அன்று பந்தயம் ஜெயித்தும் அவன் பரோட்டாக் கடைக்கு வரவில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது மாடியிலேயே உட்கார்ந்திருந்தான். "என்ன மச்சான், ஜெயிச்சுட்டு உம்முனு இருக்க?" என்றேன். "அங்கதான்டா எங்க அப்பம்மா இருக்காங்க" என்றான். அப்பாவின் அம்மாவை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அவன் முகாமில் பிறந்தவன். 2021-ல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை மாற்றி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று வைத்ததே, அதில் ஒன்று. 1990-ல் பலாலித் தளத்தைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு ஊர்களில் இருந்து ஜனங்கள் கிளம்பவேண்டி வந்தது. அப்போது அவன் அப்பாவுக்கு 12 வயது. மாமா குடும்பத்தோடு படகேறி ராமேஸ்வரம் வந்துவிட்டார். அப்பம்மா நோயாளிப் புருஷனை விட்டு வர மனசில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். நிலத்தில் ஒரு பகுதியை விடுவித்த பிறகு, தம் ஊருக்கே திரும்பிப் போய்க் குடிசை போட்டிருக்கிறார். எங்கே தெரியுமா? அந்த விமானம் இறங்கும் ஓடுபாதைக்குப் பக்கத்து ஊர்தான்!

2022 டிசம்பரில் விமானம் மறுபடி வர ஆரம்பித்ததிலிருந்து, போனில் அப்பம்மா ஒரே பேச்சுத்தானாம். "பிளேன் இறங்கிற சத்தம் கேக்குது ராசா. நீ வந்திட்டியோ எண்டு நினைச்சன்."

இவன் போகவில்லையா? போக ஆசைப்பட்டான். கட்டிட வேலைக்குப் போகும் அப்பா டிக்கெட்டுக்குப் பணமும் சேர்த்து வைத்திருந்தார். ஆனால் பாஸ்போர்ட்? இந்தியப் பாஸ்போர்ட் கிடைக்காது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்களுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை. அதன்பின் பிறந்தவருக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்கவேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு சட்டம் இன்னும் இறுகிவிட்டது. இவன் பிறந்தது அதற்கும் அப்புறம். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் சொன்னது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும்தான். அதில் இலங்கை இல்லை. சரி, இலங்கைப் பாஸ்போர்ட்? அதற்கு முதலில் பிறப்பைப் பதிந்து அந்த நாட்டுக் குடியுரிமைச் சான்று வாங்கவேண்டும். அதற்கு அப்பாவின் பிறப்புச் சான்று வேண்டும். படகேறிய 12 வயசுப் பையன் பிறப்புச் சான்றையா சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருப்பார்?

எப்படியோ தாள் தாளாகச் சேர்த்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனான். நானும் கூடப் போனேன். அங்கே கிடைத்த பதில் இதுதான்: "போறதுன்னா வெளியேறும் அனுமதிக்கு எழுதிக் குடுங்க. ஆனா போனா போனதுதான். திரும்பி வர விசா கிடைக்கும்னு நாங்க சொல்லமுடியாது." சொன்னவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லித்தான் சொன்னார். ஆனால் அதற்கு என்ன அர்த்தம்? அப்பம்மாவைப் பார்க்கலாம், டிப்ளமோவை விட்டுவிடவேண்டும். டிப்ளமோவை முடிக்கலாம், அப்பம்மாவைப் பார்க்கமுடியாது. "இன்னும் ரெண்டு வருஷம். படிப்பு முடியட்டும்" என்று அவன் அப்பா முடிவெடுத்தார்.

அப்பம்மா இரண்டு வருஷம் காத்திருக்கவில்லை. 2024 ஆடி மாதம் ஒரு காலை அவனுக்குப் போன் வந்தது. ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து, என் செல்போனில்தான் வீடியோவில் அடக்கம் பார்த்தான். அவன் போனில் திரை உடைந்திருந்தது. ரேடியோ அலை அந்த 354 கி.மீ.யைக் கடக்க ஒன்றேகால் மில்லி செகண்டு கூட ஆகாது. அந்த நேரத்தில் அவன் அழுகை அங்கே கேட்டிருக்கும். அங்கே அழுத சத்தத்தோடு விமானம் இறங்கும் சத்தமும் எங்களுக்குக் கேட்டது. அவன் நிமிர்ந்து பார்த்து, "சென்னை பிளேன்டா" என்றான்.

எனக்கு யாழ்ப்பாணத்தில் சொந்தம் என்று ஒரு ஈ, காக்கை கிடையாது. ஆனால் நான் பாஸ்போர்ட் எடுத்து விசா வாங்கி, அடுத்த மாதமே அந்த விமானத்தில் போய், நல்லூர்க் கோயிலைப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். சொந்த அப்பம்மா இருந்தவனால் முடியாது. எனக்கு ஒன்றேகால் மணி நேரமான அதே தூரம், என் பக்கத்துக் கட்டில்காரனுக்கு ஒரு ஆயுசு. தூரம் வகுத்தல் வேகம் என்று இனி எப்படி எழுதுவது?

"அப்போ எல்லையே வேண்டாங்கிறியா?"

இதை மலர்க்குழு நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். நாடு என்றால் எல்லை இருக்கும். எல்லை என்றால் சோதனை இருக்கும். கடத்தல்காரனும் அதே கடலில்தான் வருகிறான். யார் வருகிறார், யார் போகிறார் என்று அரசுக்குத் தெரியத்தான் வேண்டும். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

ஆனால் என் தோழன் யார் என்று அரசுக்குத் தெரியாதா? பிறந்த நாள் முதல் பெயர் பதிவில் இருக்கிறது. முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளில் கட் அடிக்காமல் போய் நிற்கிறான். அவன் பள்ளிக்கூடம், மார்க், கைரேகை எல்லாம் இங்கேதான் இருக்கிறது. உங்களையும் என்னையும் பற்றித் தெரிந்ததைவிட அவனைப் பற்றி அரசுக்கு அதிகம் தெரியும்! தெரியாத ஆளைத் தடுக்கப் போட்ட வேலியில், நன்றாகத் தெரிந்த ஆள் மாட்டிக்கொண்டு நிற்கிறான்.

2025 செப்டம்பரில் ஒரு நல்ல காரியம் நடந்தது. 2015 ஜனவரி 9-ம் தேதி வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாது என்று மத்திய அரசு விலக்கு அளித்தது. வரவேற்போம். ஆனால் 'தண்டனை இல்லை' என்பது வேறு, 'போய்விட்டு வா' என்பது வேறு அல்லவா?

நான் கேட்பது பெரிய அரசியல் தீர்வு அல்ல. அதைப் பேச எனக்கு வயசும் இல்லை, படிப்பும் இல்லை. நான் கேட்பது ஒரு ரிட்டர்ன் டிக்கெட். முகாமில் பதிவு பெற்று, இங்கே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு, சாவு, நோய், கல்யாணம் போன்ற காரியங்களுக்காக, பதினைந்து நாளோ ஒரு மாதமோ போய்விட்டுத் திரும்பி வர, இரு அரசுகளும் ஒப்புக்கொள்ளும் ஒரு பயணத் தாள். போகும் நாள், வரும் நாள் இரண்டும் அதில் எழுதியிருக்கட்டும். வேண்டுமானால் கல்லூரி முதல்வர் கையெழுத்தும் போடட்டும். விமானம் வாங்கவும் ஓடுபாதை போடவும் கோடிக்கணக்கில் செலவழிக்கிறார்கள். இந்தத் தாளுக்கு அவ்வளவு ஆகாது.

நாம் என்ன செய்யலாம்?

நாம் டெக்னீஷியன்கள். நாளை நம்மில் ஒருத்தன் ஓடுபாதைக்குத் தார் போடுவான். ஒருத்தன் விமான எஞ்சினுக்கு போல்ட் முடுக்குவான். ஒருத்தன் கப்பல் துறையில் கான்கிரீட் கொட்டுவான். வேகத்தைக் கூட்டுவது நம் தொழில். கூட்டுவோம். ஆனால் 'இதில் யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது?' என்று ஒரு கேள்வியையும் கூடவே கேட்போம். அது நம் சிலபஸில் இல்லை என்று தள்ளிவிட வேண்டாம்.

கைக்கு எட்டிய இரண்டு காரியங்கள் சொல்கிறேன். முதலாவது, முகாமிலிருந்து வரும் தோழர்களின் தாள்களைச் சேர்க்க உதவுவோம். விண்ணப்பம் எழுத, ஆன்லைனில் பதிய, அலுவலகத்துக்குக் கூடப் போக ஓர் ஆள் இருந்தால் பாதி பயம் போய்விடும். நான் போய்ப் பார்த்ததால் சொல்கிறேன். இரண்டாவது, நம் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இந்தப் பயணத் தாளைக் கேட்டு ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். மாநில அரசுக்கும் மத்திய அரசுக்கும் அனுப்புவோம். ஒரு பாலிடெக்னிக் சங்கத்தின் தீர்மானத்தால் என்ன ஆகிவிடும் என்று சிரிப்பீர்கள். பத்து சங்கம் அனுப்பினால்? நூறு சங்கம் அனுப்பினால்?

என் தோழனுக்குக் கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைத்திருக்கிறது. சந்தோஷம். அவனுடைய அந்தப் பழைய ரெக்கார்டு நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. பின்பக்கத்தில் இரண்டு கோடு போட்ட அந்த விடை அப்படியே இருக்கிறது: 42.5 நிமிடம். அவனுக்கு அது சரியான விடையாகும் நாள் வரவேண்டும் என்பதுதான் என் ஆசை.

தீர்மானத்தைப் படிக்கும்போது கை தூக்குவீர்கள்தானே?

– மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை மாணவன்